நேர்முகத்தை மூடிய மாதங்கள்

2024 ஆகஸ்ட் 6, செவ்வாய்

பெண் தொழில்முனைவோர் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள். நிறுவனத்தைப் பற்றி நாலு வரி கேட்டிருந்தார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு எழுதிக் கொடுத்தேன்: ‘நேர்முகம் ஊடகப் பயிற்சி நிறுவனம், நாகர்கோவில். 2012இல் தொடக்கம். டிவி, பத்திரிகை, யூடியூப் நிருபர்களின் கேள்விகளை எப்படிச் சந்திப்பது என்று கல்லூரி முதல்வர்கள், மருத்துவமனை நிர்வாகிகள், கம்பெனி மேலாளர்கள், ஊராட்சித் தலைவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். நடத்துபவர் இர்ஷாதா, முன்னாள் செய்தியாளர்.’

ஷிபு வாசித்துவிட்டு, பாதிப் பங்கு வைத்திருக்கிற ஆளை எங்கே காணோம் என்று கேட்டான். ‘ஒளிப்பதிவும் பாதி நிறுவனமும் ஷிபு’ என்று சேர்த்தேன்.

காலையில் நர்சிங் கல்லூரி ஆட்கள் ஆறு பேருக்கு வகுப்பு. கேள்வி கேட்டதும் எல்லாரும் மின்விசிறியைப் பார்க்கிறார்கள். டெல்சி தயாரித்த பயிற்சிக் கேள்விகள் நன்றாக இருந்தன. நம்மிடம் சேர்ந்து ஆறு வருஷம். இப்போது கையேடு முழுக்க அவள் தட்டச்சு செய்ததுதான். அவளும் குளச்சல் என்பதால் என் காரிலேயே வருகிறாள், போகிறாள். இன்று வரும் வழியெல்லாம் அவளுக்கு வந்த மாப்பிள்ளை ஒருவனைப் பற்றிப் பேச்சு. கத்தாரில் வேலையாம். போட்டோவில் கண்ணாடி போட்டிருக்கிறானாம், அதனால் பிடிக்கவில்லையாம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

மழை. வகுப்பு இல்லை. ஷிபு விளக்குகளையெல்லாம் கழற்றித் துடைத்தான்.

ஆகஸ்ட் 19, திங்கள்

நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன். அப்புறம் யோசித்தால் போதும்.

காலையில் டெல்சி வழக்கமாக நிற்கிற இடத்தில் இல்லை. போன் எடுக்கவில்லை. பஸ்ஸில் போயிருப்பாள் என்று நினைத்தேன். எட்டரைக்கு வைகுண்டராஜன் கூப்பிட்டார். இறால் கம்பெனி மேலாளர். போன வருஷம் நம்மிடம் மூன்று நாள் பயிற்சி எடுத்தவர். அவரைப்போல் சட்டென்று பிடித்துக்கொண்ட மாணவர் இதுவரை எனக்குக் கிடைத்ததில்லை. குளிர்பதன அறைக் குழாயில் அமோனியா கசிந்துவிட்டது, இறால் உரிக்கிற பெண்கள் இருபத்து மூன்று பேர் ஆஸ்பத்திரியில், பதினொரு மணிக்கு நிருபர்கள் வருகிறார்கள், உடனே வாருங்கள் என்றார். காரைத் திருப்பினேன்.

அவர் அறையிலேயே உட்கார்ந்தோம். எப்போதும்போல என் போனை ஸ்டாண்டில் வைத்துப் பதிவு செய்தேன். முதல் சுற்றில் நான்தான் நிருபர். “கசிவு ஏற்பட்டால் அலாரம் அடிக்க வேண்டுமே, அடித்ததா?” என்று கேட்டேன்.

“அது பதினேழு நாளா வேலை செய்யல்ல மேடம். புதுசு கேட்டு எழுதிப் போட்டிருக்கு. மேல கையெழுத்து ஆகல்ல.”

என்னிடம் மறைக்கக் கூடாது என்று நான்தான் போன வருஷம் சொல்லிக்கொடுத்திருந்தேன். வக்கீலிடமும் பயிற்சியாளரிடமும் மறைக்காதே. மறைக்கவில்லை.

நான் என்ன செய்தேன்? நிறுத்தச் சொன்னேன். பொய் சொல்லாதீர்கள், பதிலும் சொல்லாதீர்கள் என்றேன். ‘விசாரணை நடக்கும்போது அதைப் பற்றிப் பேசுவது முறையாக இருக்காது. இப்போது எங்கள் மனசு முழுக்க எங்கள் சகோதரிகளோடு இருக்கிறது.’ இதை நாலு சுற்று சொல்ல வைத்தேன். மூன்றாவது சுற்றில் ‘சகோதரிகள்’ என்ற இடத்தில் குரல் லேசாக இறங்கியது. “இது நல்லாருக்கு, இப்படியே சொல்லுங்க” என்றேன்.

ஆபீஸ் போகும்போது பன்னிரண்டே கால். ஷிபு வாசலில் நின்றான். எத்தனை தடவை கூப்பிட்டேன் என்றான். பதிவு நடக்கும்போது போனில் அழைப்பு வராதபடிதானே வைப்பேன்.

“டெல்சிக்க அம்மையும் அதுல உண்டு அக்கா. அவ விடியக்காலத்தே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா.”

அவள் அம்மா ஜெபமணி வேறு கம்பெனியில் அல்லவா உரிக்கிறார் என்று கேட்டேன். ஜூனிலேயே ஒப்பந்தக்காரர் எல்லாரையும் இங்கே மாற்றிவிட்டாராம். டெல்சி சொன்னாளா? சொல்லியிருப்பாள். காரில் அவள் சொல்வதில் பாதிதான் என் காதில் விழும்.

ஒரு மணிச் செய்தியில் வைகுண்டராஜன் பேசினார். ஒரு வார்த்தை பிசகவில்லை.

தெரிந்திருந்தால் போயிருக்க மாட்டேனா? — போயிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஆஸ்பத்திரி போனேன். ஜெபமணிக்கு முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். விரல் நுனியெல்லாம் வெள்ளையாகச் சுருங்கியிருக்கிறது. அது இருபது வருஷம் ஐஸ் தண்ணீரில் இறால் உரித்தது.

டெல்சி என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள். ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்க மாட்டாள்.

“டிவில பேசினாரே, அந்த வரி நான் டைப் பண்ணினது அக்கா. கையேட்டுல எந்தப் பக்கம்னுகூடத் தெரியும்.” நிறுத்தினாள். “நேத்து நீங்க அங்க போயிருந்தியளா?”

“இப்ப அதப் பத்திப் பேச வேண்டாம் மக்கா. இப்ப அம்மைதான் முக்கியம்” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. பொய் இல்லை. பதிலும் இல்லை. அவளிடமே சொல்லியிருக்கிறேன். ஆறு வருஷம் அந்தப் பாடத்தைத் தட்டச்சு செய்தவளிடம்.

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். சரிக்கா என்று உள்ளே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 21, புதன்

ஆபீஸுக்குக் காரில் தனியாகப் போனேன். தனியாக வந்தேன்.

ஆகஸ்ட் 28, புதன்

ஜெபமணியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு பேர் மட்டும் இன்னும் ஐசியூவில். உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். ஜெபமணிக்கு நுரையீரல் பழையபடி ஆகாதாம். மாடிப்படி, சுமை, குளிர், எதுவும் கூடாது. அப்படியென்றால் வேலையும் கூடாது.

ஆஸ்பத்திரி வாசலில் மைக்கை நீட்டியிருக்கிறார்கள். மாலைச் செய்தியில் பார்த்தேன். கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல், சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, “அலாரம் அடிக்கல்ல... அது கொஞ்ச நாளா அடிக்காது... எல்லாருக்கும் தெரியும்” என்று மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். எல்லாருக்கும் என்றால் யாருக்கு என்று நிருபர் கேட்டார். அவர் முழித்தார். இருமல் வந்துவிட்டது.

அடுத்து வைகுண்டராஜன். “அந்த அம்மா பெரிய அதிர்ச்சியில் இருக்கிறார். அவர் சொல்வதை நாங்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.”

பாதிக்கப்பட்டவரை மறுக்காதே, இரங்கு. கையேட்டில் ஏழாம் பாடம். டெல்சி அதைத் தட்டச்சு செய்தது மட்டும்தான், எழுதினது நானே.

ஃபஹீம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “மனுஷன் நல்ல மனுஷனாத்தான் தெரியுது” என்றார். இருபத்து நாலு வருஷம் என்னோடு குடும்பம் நடத்துகிறவர். அவருக்கே அப்படித் தெரிகிறது என்றால் வேறு யாருக்குத் தெரியாது?

செப்டம்பர் 2, திங்கள்

இறால் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம். அவர்களுக்குக் கேரளாவிலும் இங்கேயும் ஆறு ஆலைகள். ஆறுக்கும் சேர்த்து மூன்று வருஷ ஒப்பந்தம் நம்மோடு போட விரும்புகிறார்கள். ‘சமீபத்திய நெருக்கடியில் உங்கள் பணி மிகச் சிறப்பாக இருந்தது’ என்று எழுதியிருக்கிறது.

ஷிபுவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கொச்சியில் ஒரு ஆபீஸ் போடலாம் என்கிறான். பன்னிரண்டு வருஷம் கல்யாண மண்டபத்துக்கும் ஊராட்சி ஆபீஸுக்கும் விளக்கைத் தூக்கிக்கொண்டு என்னோடு அலைந்தவன். அவன் சந்தோஷப்படுவதில் என்ன தப்பு?

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். டெல்சி எப்போது வருவாள் என்று கேட்டான். தெரியாது என்றேன்.

செப்டம்பர் 5, வியாழன்

அந்தப் பதிவு என் போனிலேயே இருக்கிறது. பத்தொன்பதாம் தேதிப் பதிவு. பயிற்சிப் பதிவுகளை முப்பது நாளில் அழித்துவிடுவோம் என்று ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எழுதிக் கொடுக்கிறோம். அப்படியானால் பதினெட்டாம் தேதிக்குள்.

இன்று முழுவதும் போட்டுக் கேட்டேன். அவர் குரலில் பதினேழு நாள் இருக்கிறது. அதற்குப் பிறகு முழுக்க என் குரல். ‘நிறுத்துங்க.’ ‘பதில் சொல்லாதீங்க.’ ‘இது நல்லாருக்கு.’ நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறேன். அவசரம் இல்லை, பதற்றம் இல்லை. கேட்கிறவர்களுக்கு நான்தான் முதலாளி என்று தோன்றும்.

கோட்டாட்சியர் விசாரணை பதினாறாம் தேதி. யார் வேண்டுமானாலும் வந்து சொல்லலாம் என்று பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள்.

அலாரம் வாங்கச் சொல்லி எழுதிய கடிதம் அவர்களிடம் இருக்குமா? இப்போது இருக்காது.

செப்டம்பர் 9, திங்கள்

ஃபஹீமிடம் பதிவைப் போட்டுக் காட்டினேன். கடையைச் சாத்திவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். சோற்றில் கை வைத்தபடியே முழுதும் கேட்டார்.

“இத நீ குடுத்தா பெறகு உனக்கிட்ட ஒருத்தனும் படிக்க வரமாட்டான்” என்றார்.

தெரியும் என்றேன்.

“அவங்க வக்கீல் நோட்டீஸ் விடுவாங்க.”

அதுவும் தெரியும்.

கொஞ்ச நேரம் சாப்பிட்டார். அவர் கடையில் படகு எஞ்சின் சாமான் வாங்குகிறவர்களில் பாதிப்பேரின் வீட்டுப் பெண்கள் அங்கேதான் உரிக்கிறார்கள். கடைசியில், “குடுக்காம இருந்தா உன்னால நேர்முகத்த நடத்த முடியுமா? அத மட்டும் யோசி” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அதை யோசித்தேன். கொடுத்துவிட்டால் இந்தத் தொழில் செய்ய முடியாது. வாடிக்கையாளர் ரகசியத்தைச் சொன்னவளிடம் யார் வருவார்கள், வரவும் கூடாதுதானே. கொடுக்காமல் விட்டால் நாளைக்கு ஒரு வகுப்பில் நின்று ‘பதில் சொல்லாதீர்கள்’ என்று சொல்ல வேண்டும். அது என்னால் முடியாது. இரண்டு வழியும் ஒரே இடத்துக்குத்தான் போகிறது. அப்புறம் கொடுப்பதற்கு என்ன?

மூடிவிடலாம்.

எழுதிப் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

ஷிபுவிடம் சொன்னேன். முதலில் விளையாட்டு என்று நினைத்தான். பிறகு ஸ்டூடியோ அறைக் கதவைச் சாத்தினான்.

“நாம என்ன கள்ளம் பறைஞ்சோமாக்கா? மீன்பிடி சங்கத்துக்காரங்களுக்கும் நாமதானே சும்மா சொல்லிக்குடுத்தோம். புயல் சமயத்துல அவங்க டிவில பேசினது யாரு சொல்லிக்குடுத்து? ரெண்டு பக்கத்துக்கும் சொல்லிக்குடுக்கோம். அவ்வளவுதானே?”

அவன் சொன்னது உண்மை.

“அன்னைக்கு எட்டரைக்கு எனக்கு போன் பண்ணினது யாரு ஷிபு? ஜெபமணியா?” என்று கேட்டேன்.

விளக்கு ஸ்டாண்டின் திருகைக் கழற்றினான், மாட்டினான். பிறகு, எனக்கும் இதில் பாதி இருக்கிறது, என்னிடம் கேட்காமல் முடிவெடுத்துவிட்டீர்கள் என்றான். ஆமாம் என்றேன். கேமரா, விளக்கு, ஸ்டூடியோச் சாமான் எல்லாம் நீயே எடுத்துக்கொள் என்றேன். சாமான்களைப் பற்றி இப்போது பேச வேண்டாம் என்று வெளியே போய்விட்டான்.

மாலையில் திரும்பி வந்து, இருக்கிற இரண்டு வகுப்பை முடித்துக்கொடுத்துவிட்டுத்தான் மூட வேண்டும், பாதியில் விடக் கூடாது என்றான். சரி என்றேன்.

செப்டம்பர் 16, திங்கள்

விசாரணைக்குப் போனேன்.

முன்வரிசை பெஞ்சில் ஜெபமணியும் டெல்சியும். எதிர்ப்பக்கம் வைகுண்டராஜனும் வக்கீலும். என்னைப் பார்த்ததும் வைகுண்டராஜன் லேசாகச் சிரித்துத் தலையசைத்தார். தனக்காக வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

பெயர், தொழில் கேட்டார்கள். சொன்னேன். என்ன சொல்ல வந்திருக்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். காலையில் குளிக்கும்போதே மூன்று வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். முதல் வாக்கியம் தொடங்கவே இல்லை. வாய் உலர்ந்துபோய், “நான்... அன்னைக்கு... அந்த அலாரம்...” என்று மூன்று தடவை. மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் கொடுத்தார்கள். கடைசியில் போனை எடுத்து மேசையில் வைத்து, இதில் இருக்கிறது சார் என்று மட்டும் சொன்னேன்.

எல்லார் முன்னாலும் போட்டார்கள். பதினேழு நாள் என்று வந்ததும் பின்னால் பெண்கள் பக்கம் ஒரு சத்தம். பிறகு என் குரல். ‘நிறுத்துங்க.’ நாலு சுற்று. நடுவில் நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. ‘இது நல்லாருக்கு, இப்படியே சொல்லுங்க.’

டெல்சி பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. வெளியே வந்தபோது அவர்கள் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஜெபமணி ஏறி உட்கார நேரம் பிடித்தது. டெல்சி என்னைப் பார்த்தாள்.

செப்டம்பர் 18, புதன்

வைகுண்டராஜன் போன் செய்தார். கத்தவில்லை.

“நீங்க சொல்லித் தந்ததத்தானே மேடம் நான் செஞ்சேன்.”

ஆமாம் என்றேன். வைத்துவிட்டார்.

செப்டம்பர் 24, செவ்வாய்

வக்கீல் நோட்டீஸ் வந்தது. ரகசிய ஒப்பந்தத்தை மீறியதற்கு. ஒப்பந்தத்தை நான்தான் எழுதினேன், அதனால் நோட்டீஸில் தப்பு ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

கடைசி வகுப்புகள் நடக்கின்றன. முன்பே பணம் கட்டிய ஒரு மருத்துவமனை, வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இன்னொரு கல்லூரி வந்தது. முதல்வர் என்னைப் பார்க்கும் பார்வையில் ஒரு ஜாக்கிரதை. பயிற்சிக் கேள்விக்குக்கூட யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். இதைப் பதிவு செய்கிறீர்களா என்று இரண்டு தடவை கேட்டார். இல்லை என்று ஷிபு கேமராவின் மூடியைப் போட்டுக் காட்டினான்.

டெல்சி ராஜினாமாவை மெயிலில் அனுப்பியிருக்கிறாள். ஒரே வரி. நன்றி என்றுகூட இல்லை. ஏன் இருக்க வேண்டும்?

அனுபவச் சான்றிதழ் எழுதினேன். நாலு தடவை திருத்தி எழுதினேன். கையேடு முழுவதும் அவளுடைய உழைப்பு என்று ஒரு வரி இருந்தது. அதை எடுத்துவிட்டேன். அந்தக் கையேட்டை அவள் பெயரோடு சேர்க்க வேண்டாம்.

அக்டோபர் 30, புதன்

கணினியில் இருந்த பழைய கோப்புகளை அழிக்க மூன்று நாள் ஆனது. ஆடிட்டர் சொன்ன காகிதங்கள் எல்லாம் கொடுத்தாயிற்று. பங்குதாரர் ஒப்பந்தத்தைக் கலைக்கிற பத்திரத்தில் ஷிபுவும் நானும் கையெழுத்துப் போட்டோம். ஷிபு மார்த்தாண்டத்தில் சொந்தமாக விளம்பரப் படம் எடுக்கத் தொடங்குகிறான். ‘நேர்முகம்’ என்ற பெயரை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். ரொம்பக் கெஞ்சவில்லை.

கீழே டீக்கடையில் இரண்டு பேரும் டீ குடித்தோம். அவன் மகளின் பள்ளிக்கூடம் பற்றிப் பேசினான். இறால் கம்பெனி ஒப்பந்தம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் இருக்கிறது. இருந்தும் டீ குடித்தான்.

நவம்பர் 30, சனி

சாவியைக் கட்டிட உரிமையாளரிடம் கொடுத்துவிட்டேன். அடுத்து அங்கே கண் பரிசோதனைக் கடை வருகிறதாம்.

பன்னிரண்டு வருஷம். வருத்தமா என்று பலர் கேட்டார்கள். இல்லை என்று சொன்னால் பொய். திங்கட்கிழமை காலை எழுந்து எங்கே போவது என்று தெரியவில்லை, அதுதான் இப்போதைக்கு வருத்தம்.

டிசம்பர் 9, திங்கள்

ஃபஹீம் கடைக்குப் போகத் தொடங்கினேன். புரொப்பெல்லரில் இத்தனை அளவு உண்டு என்று எனக்குத் தெரியாது.

2025 பிப்ரவரி 11, செவ்வாய்

விசாரணை அறிக்கை வந்துவிட்டது. அலாரம் பழுது என்று தெரிந்தே ஆலையை ஓட்டியிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மருத்துவச் செலவும் இழப்பீடும் கம்பெனி கொடுக்க வேண்டும். கம்பெனி அப்பீல் போகிறது. வைகுண்டராஜனை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். கையெழுத்துப் போடாத மேலிடத்து ஆள் யாரும் போகவில்லை.

அறிக்கையில் என்னைப் பற்றி ஒரு இடத்தில் வருகிறது. ‘ஊடகப் பயிற்சியாளர் ஒருவர் அளித்த பதிவின் அடிப்படையில்.’ பெயர்கூட இல்லை. அதுவும் நல்லதுதான்.

வக்கீல் நோட்டீஸுக்குப் பிறகு அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. வரலாம்.

டெல்சி கருங்கல் பக்கம் ஒரு பள்ளியில் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள் என்று ஷிபு சொன்னான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஈஸ்டர் முடிந்து கடலுக்குப் போக மறுபடி ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் பாதி விசைப்படகுகள் இன்னும் கரையில்தான். பழுது பார்க்கிற வேலை நடப்பதால் கடையில் கூட்டம்.

பதினோரு மணிக்கு ஜெபமணி வந்தார். பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். படியேறாமல் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். நாற்காலி போட்டேன். ஃபஹீம் டீ சொல்லிவிட்டு, உள்ளே சாமான் எடுக்கப் போய்விட்டார்.

பையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினார். மே மாதம், டெல்சிக்கு. மாப்பிள்ளை பெயர் எட்சன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாணத்தை அறிவிக்கிற முதல் ஓலை வாசித்தாயிற்றாம். உறையின் மேல் என் பெயர் ஜெபமணியின் எழுத்தில்தான் இருந்தது.

“டெல்சி வரல்ல டீச்சரே. நாந்தான் வந்தேன். அவளுக்கு இன்னும் கொஞ்ச நாளாவும்.”

தெரியும் என்றேன்.

“ஆனா பேரு எழுதும்போ பக்கத்துல இருந்தா. எழுதாதன்னு சொல்லல்ல.”

டீ வந்தது. ஊதி ஊதிக் குடித்தார். ஆலை மறுபடி திறந்துவிட்டது, கூட உரித்தவர்கள் எல்லாரும் போகிறார்கள், வேறு எங்கே போவார்கள் என்றார். இப்போது அலாரம் வாரத்துக்கு ஒருநாள் அடித்துப் பார்க்கிறார்களாம். முதல் தடவை அடித்தபோது பெண்கள் எல்லாரும் இறாலைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பில் மூச்சு பிடித்துக்கொண்டது.

“கல்யாணத்துக்கு நீங்க...” என்று தொடங்கிய வாக்கியத்தைப் பாதியில் விட்டு, மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி இருந்தார். அது என்ன வாக்கியம் என்று எனக்குத் தெரியும். முடித்துக்கொடுக்க வாய் வரை வந்தது. சும்மா இருந்தேன். ரொம்ப நேரம் ஆனது. பிறகு, “...கண்டிப்பா வரணும் டீச்சரே” என்று அவரே சொல்லி முடித்தார்.